ஏழாம் மாடிக்குப் படியேறுபவர்

எந்த மனக்கஷ்டத்துக்கு எந்த உளச்சிகிச்சை, யாரிடம் போவது? கொழும்பு வெள்ளவத்தையில் ஏழாம் மாடியில் இருக்கும் ஒருவர் லிஃப்டில் ஏறுவதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கதவு மூடினால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு படிப்பக்கம் திரும்பியதுமே ஒரு நிம்மதி. சிக்கல் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. ‘லிஃப்டில் ஏறாததால் பிழைத்தேன்’ என்று மூளை ஒவ்வொரு தடவையும் படித்துக்கொள்கிறது.

இவருக்கு, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிகை நடத்தைச் சிகிச்சை (CBT) பொருந்தும். முதலில் திறந்த லிஃப்டுக்குள் நிற்பது, பிறகு ஒரு மாடி, அப்புறம் இரண்டு. படபடப்பு வரும், பயந்தது மட்டும் நடக்காது. பழைய பாடம் அழிவதில்லை, அதன் மேல் புதியது ஒன்று படிகிறது. அதனால்தான் நாலைந்து மாதம் லிஃப்டைத் தொடாமல் விட்டால் பயம் மறுபடி எட்டிப் பார்க்கலாம். சின்ன வயசுக் கதையை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இவர் படியேறிக்கொண்டேதான் இருப்பார். ஓயாமல் கை கழுவுகிறவருக்கும் ஏறக்குறைய இதே வழிதான்.

மனச்சோர்வு என்றால் கதை வேறு. பொதுவாகவே வெவ்வேறு உளச்சிகிச்சை முறைகள் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தருகின்றன என்று அமெரிக்க உளவியலாளர் சோல் ரோசன்ஸ்வைக் 1936இலேயே எழுதினார். அது சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. சிகிச்சையாளரோடு அமையும் உறவை இன்னொரு உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் மூன்றாகப் பிரித்தார்: எதற்காக வந்தோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்ற இரண்டிலும் உடன்பாடு, கூடவே ஒரு பிணைப்பு. 2018இல் 295 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எந்த முறையானாலும் உறவு நன்றாக இருந்த இடத்தில் பலனும் கூடுதலாக இருந்தது. மந்திரமில்லை, ஆனால் ஒதுக்கக்கூடிய அளவும் இல்லை.

கொழும்பில் சிகிச்சையாளரைத் தேடும்போது நான் முதலில் பார்ப்பது மொழியைத்தான். ‘நெஞ்சை அடைக்குது’ என்பதை ஆங்கிலமாக்கிச் சொல்வதற்குள் அழுகை நின்றுவிடும். தமிழில் பேசலாமா, என்ன பயிற்சி பெற்றவர், எந்த முறை, எத்தனை வாரத்தில் மாற்றம் பார்க்கலாம் என்று போனிலேயே கேளுங்கள். மருந்து வேண்டியிருந்தால் உளமருத்துவர் போன்ற ஒரு வைத்தியரிடம்தான் போகவேண்டும்.

சாகலாம் போல இருந்தால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், உடனே 1926க்கு அழையுங்கள். அது அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். ‘அங்கொடை’ என்பதை நாம் இன்னும் வசவாகவே வைத்திருக்கிறோம், அது வேறு வெட்கம்.

நாலு தடவை போயும் ஒட்டவில்லையா? ‘டொக்டர் என்ன நினைப்பாரோ’ என்று சொல்லாமல் நின்றுவிடுவதுதான் நம் வழக்கம். அதை அவரிடமே சொல்லிப் பாருங்கள். நல்லவர் முகம் சுளிக்கமாட்டார், கதிரையை இழுத்துப் போட்டு ‘எது ஒட்டவில்லை?’ என்று கேட்பார்.