அதுவும் முப்பத்தெட்டு, இதுவும் முப்பத்தெட்டு

போன மாதம் ஒரு நகைக்கடை முதலாளி தன் காவலாளியையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். வந்து இருந்ததும் இருக்காததுமாகச் சட்டைப் பையிலிருந்து சுட்டுமுடிந்த துவக்கு ரவையின் வெற்றுப் பித்தளைக் கோது ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பயிற்சிச் சூட்டில் வெடித்ததாம். கோதின் அடிப்பக்கம் வயிறு வைத்தமாதிரி வீங்கி, அந்த வீக்கத்திலிருந்து வாய்வரை தலைமயிர் போல ஒரு கீறல், கீறலின் இரண்டு பக்கமும் கரி. அடியைத் திருப்பிப் பார்த்தேன். .38 ஸ்பெஷல் என்று ரவையின் வகை பொறித்திருந்தது. துவக்கைப் பார்க்காமலே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

நான் கனகாலம் ஆயுதக் களஞ்சியத்தில் துவக்குத் திருத்தியவன், இப்போது காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இந்தத் தொழிலில் நான் அதிகம் கேட்ட வசனம் எது என்றால், அன்று அந்த முதலாளி சொன்னதுதான்.

"சேர், அதுவும் முப்பத்தெட்டு, இதுவும் முப்பத்தெட்டு. உள்ள போகுதுதானே, பிறகென்ன?"

துவக்கை வாங்கி, ரவை போடும் உருளையைத் திறந்து, ரவை இல்லை என்று இரண்டு தரம் பார்த்த பிறகு இலக்கத்தைப் படித்தேன். முன்னால் வி எழுத்து. ஸ்மித் அண்ட் வெசன் விக்டரி மொடல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவிலிருந்து பிரித்தானியப் படைகளுக்குப் போன ரிவோல்வர் இது. பிரித்தானியருக்குச் செய்தவை .38 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெசனின் சுருக்கம்) என்ற பழைய, கட்டையான ரவைக்குச் செய்தவை. அந்த ரவை 1877இல் வந்தது, கோதின் நீளம் 20 மில்லிமீற்றருக்கும் கொஞ்சம் குறைவு. பிரித்தானியர் அதற்குள் 200 கிரெயின், அதாவது கிட்டத்தட்ட 13 கிராம், ஈயச் சன்னத்தை (பாய்ந்து போகிற குண்டை) வைத்து .38/200 என்று பெயர் வைத்தார்கள். .38 ஸ்பெஷல் வேறு சாமான். அதன் கோது 29.3 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர் கூட.

அப்படியென்றால் அது உள்ளே போகவே கூடாதே, எப்படிப் போனது? போருக்குப் பிறகு மிஞ்சிய துவக்குகளை வாங்கிய வியாபாரிகள் உருளையின் துளைகளை முன்பக்கமாகக் குடைந்து நீட்டிவிட்டார்கள், ஸ்பெஷல் ரவை எங்கும் கிடைக்கும், துவக்கு விலைப்படும் என்ற கணக்கு. துளையை நீளமாக்கலாம், ஆனால் ஏற்கெனவே அகலமாக இருப்பதை ஒடுக்க முடியாது. பழைய ரவையின் கோது 0.386 அங்குல விட்டம், ஸ்பெஷல் 0.379. வித்தியாசம் இரண்டு தாளை ஒன்றாய்ப் பிடித்தால் வருமே, அவ்வளவுதான். அந்த இரண்டு தாள் இடைவெளிக்குள்தான் பித்தளை ஊதி வெடிக்கிறது. வெடிக்கும்போது கோது விரிந்து துளைச் சுவரோடு ஒட்டிப் புகையை அடைக்க வேண்டும், அதுதான் அதன் வேலை. சுவர் எட்டவில்லை என்றால் கிழியும், கிழிந்தால் புகை பின்னால் கைக்கும் முகத்துக்கும் வரும். அந்தக் காவலாளித் தம்பிக்குக் கண்ணில் ஒன்றும் படாதது அவருடைய நல்லகாலம்.

பெயரை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். .38 என்று எழுதியிருக்கிறதே தவிர, ஸ்பெஷல் சன்னத்தின் விட்டம் 0.357 அல்லது 0.358 அங்குலம். .38 என்பது பழைய காலத்துக் கோதின் வெளி அளவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பெயர். இதை எங்கள் ஆட்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

சரி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதே இல்லையா? உண்டு. .357 மேக்னம் ரிவோல்வரில் .38 ஸ்பெஷல் தாராளமாகச் சுடலாம். மேக்னம் 1935இல் வந்தபோது, ஸ்பெஷல் கோதையே 3 மில்லிமீற்றருக்கு மேல் நீட்டித்தான் செய்தார்கள், அதுவும் தெரியாத்தனமாக யாரும் பழைய துவக்கில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 இறாத்தல், மேக்னம் 35,000. மாறி, மேக்னம் ரவையை ஸ்பெஷல் துவக்கில் போட்டுச் சுட்டால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. துளைக்குள் கோதைத் தடுக்கும் படி இல்லாமல் நேராகக் குடைந்த மிகப் பழைய .38 துவக்குகளில் மேக்னம் உள்ளே போய்விடும் என்பதுதான் பயம். .44 ஸ்பெஷலுக்கும் .44 மேக்னத்துக்கும் இதே கதை.

ஒத்துப்போகிற இடத்திலும் ஒரு சில்லறைத் தொல்லை உண்டு. மேக்னம் ரிவோல்வரில் பயிற்சிக்கென்று கட்டையான ஸ்பெஷல் ரவையையே சுட்டுக்கொண்டிருந்தால், துளைக்குள் கோது முடிகிற இடத்தில் கரி ஒரு வளையமாகப் படியும், அடிப்பிடித்த சோற்றுப் பானை மாதிரி. பிறகு நீளமான மேக்னம் ரவையைப் போடும்போது இறுகும். ஒரு காவலாளி பெருவிரலால் அமத்தி அமத்தி ஏற்றுவதைப் பார்த்து நான் போட்ட சத்தம் வீதிவரை கேட்டிருக்கும். பித்தளைத் தூரிகையால் தேய்த்தால் போய்விடும், அதைச் செய்யத்தான் ஆளில்லை.

.32 இன்னொரு குழப்பம். இந்திய அரசுத் தொழிற்சாலை .32 ரிவோல்வருக்கு எஸ் அண்ட் டபிள்யூ லோங் ரவை, பெட்டியில் 7.65 பெருக்கல் 23 என்றிருக்கும். .32 பிஸ்டல் ரவை 7.65 பெருக்கல் 17. இரண்டாவது எண் கோதின் நீளம், மில்லிமீற்றரில். அதை யாரும் பார்ப்பதில்லை. பிஸ்டல் ரவைக்கு மெல்லிய விளிம்பு இருப்பதால் சில ரிவோல்வர்களில் விழுந்து நிற்கும். நிற்கிறது என்பதற்காகச் சுடக்கூடாது.

முதலாளிக்கு இவ்வளவும் சொன்னேன், தலையாட்டினார், நம்பவில்லை. மகளின் வேணியர் இடுக்கிமானியை எடுத்துவந்து, சுட்ட கோதையும் பெட்டியிலிருந்த புது ரவையையும் அவர் கையாலேயே அளக்கவைத்தேன். கொஞ்சநேரம் பேசவில்லை.

"அப்ப இந்த மிச்சப் பெட்டியை என்ன செய்யிறது? கிணத்துக்குள்ள போட்டு விடட்டே?"

"ஐயோ, வேண்டாம். கிணறு இறைக்கிறவன் ஒருநாள் அள்ளி எடுப்பான். ஏற்கெனவே எங்கட மண்ணைக் கிண்டினா என்னென்னவோ வருது. துவக்கின்ர அனுமதிப்பத்திரத்தையும் கொண்டுபோய்ப் பொலிசில ஒப்படைச்சு, துண்டு வாங்குங்கோ."

போகும்போது வெடித்த கோதைத் தரச்சொல்லிக் கேட்டார். கொடுக்கவில்லை. அடுத்த வகுப்புக்கு எனக்கு அது வேண்டும்.