ஸ்மார்ட் மெட்டீரியல்: துலங்குபொருள்

கார் இருக்கையின் சாய்மானத்தை மாற்ற ஒரு நெம்புகோல் இருக்கும். அதற்குப் பதில் ஒரு பொத்தானை வைத்து, உள்ளே மோட்டாருக்கு வேலையே இல்லாமல், 0.38 மி.மீ. தடிமனுள்ள ஒரு கம்பியை மட்டும் இழுத்துக் கட்டலாம். மின்சாரம் பாய்ந்து சூடேறினால் கம்பி சுருங்கும். இருக்கையைப் பிடித்திருக்கும் பல் விலகும். இந்த மாதிரிப் பொருள்களைத்தான் ஸ்மார்ட் மெட்டீரியல் என்கிறார்கள்.

பழைய ஆங்கிலத்தில் ஸ்மார்ட் என்றால் கெட்டிக்காரத்தனம் அல்ல, சுரீரென்ற வலி. வலியிலிருந்து கூர்மை, கூர்மையிலிருந்து வேகம், கடைசியாக அறிவு என்று பொருள் நகர்ந்து வந்தது. தமிழிலும் இந்தப் பாதை புதிதல்ல. முள் 'சுறுக்'கென்று தைக்கிறது. ஆளும் 'சுறுக்கா' வருகிறான்.

தமிழில் இந்த ஒரு சொல்லுக்கு ஆளுக்கொரு பெயர். போனில் அது திறன்பேசி, ஊரில் சீர்மிகு நகரம், பொருளில் திறன்மிகு பொருள், நுண்ணறிவுப் பொருள், சூட்டிகைப் பொருள். சூட்டால் வேலை செய்யும் கம்பிக்குச் சூட்டிகை என்ற பெயர் ஒலியளவில் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் இவற்றில் எதுவும் பொருளின் இயல்பைச் சொல்லவில்லை. கம்பிக்கு அறிவும் கிடையாது, திறனும் கிடையாது. வெளியிலிருந்து ஒரு தூண்டல் வந்தால் குறிப்பிட்ட ஒரு மாற்றத்தைக் காட்டும், அவ்வளவுதான். தூண்டல், துலங்கல் என்ற இணை பள்ளி உயிரியல் பாடத்திலேயே இருக்கிறது. 'தொட்டது துலங்கும்' என்ற பேச்சும் இருக்கிறது. ஆகவே துலங்குபொருள் என்பதே சரியான சொல்.

துலங்குபொருள் என்பது ஒரு குடும்பப் பெயர். மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் பீசோ படிகம், காந்தப்புலத்தில் கெட்டிப்படும் திரவம், சூட்டில் இளகும் வடிவ நினைவு நெகிழி எல்லாம் இதற்குள் வரும். இருக்கைக்கு எல்லாமும் ஒத்துவராது. பீசோ தன் நீளத்தில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீளும். பல்லை விலக்க அது காணாது. காந்தத் திரவத்துக்கு மின்சாரம் இருந்தால்தான் பிடி. பேட்டரி இறங்கினால் இருக்கை ஆடும் என்ற நிலையை யாரும் ஏற்கமாட்டார்கள். இருக்கைக்குத் தோதானது வடிவ நினைவு உலோகக்கலவை. அதில் பெயர் பெற்றது நிட்டினால்.

நிக்கல், டைட்டானியம், நேவல் ஆர்டினன்ஸ் லேபரட்டரி ஆகியவற்றின் தொடக்க எழுத்துகளைச் சேர்த்ததே நிட்டினால். அமெரிக்கக் கடற்படையின் அந்த ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் இக்கலவையை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1961-இல் நடந்த ஒரு கூட்டத்தில் மடிப்பு மடிப்பாக வளைத்த தகடு ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் இருந்த ஒருவர் அதில் லைட்டர் நெருப்பைக் காட்ட, மடிப்பெல்லாம் நீங்கித் தகடு நிமிர்ந்துவிட்டது. கலவையில் இரு உலோகங்களின் அணுக்களும் ஏறத்தாழ சரிபாதி. குளிர்ந்த நிலையில் அணுக்கள் மார்டென்சைட் என்ற அடுக்கில் இருப்பதால் கம்பி எளிதில் நீளும். சூடானால் ஆஸ்டெனைட் அடுக்குக்குத் திரும்பி, பழைய நீளத்துக்குச் சுருங்கும். இதைத்தான் நினைவு என்கிறோம். கார்களில் இது கற்பனை அல்ல. 2014 மாடல் கார்வெட்டில் பின்கதவை மூடும்போது உள்ளே அடைபடும் காற்றை வெளியேற்றும் துவாரத்தைத் திறக்க ஜெனரல் மோட்டார்ஸ் மோட்டாருக்குப் பதில் இந்தக் கம்பியை வைத்தது.

அடுத்த சொல், லாக். பட்டறையில் சீட் லாக் என்பதைப் பூட்டு என்று பெயர்ப்பது வழக்கம். பூட்டு என்றால் சாவி நினைவுக்கு வரும். இங்கே சாவி கிடையாது. தானே விழுந்து பிடிக்கும் பல்லுக்குத் தாழ் என்பதே பொருத்தம். கதவைத் தாழிடுகிறோம், தாழ் நீக்குகிறோம். அப்படிப் பார்த்தால் இந்தக் கம்பி ஒரு தாழ்நீக்கி. கம்பி இருக்கையைத் தாழிடுகிறது என்று எழுதுவது பிழை. தாழிடுவது ஸ்பிரிங், விபத்தின் வேகத்தைத் தாங்குவது எஃகுப் பல். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 207 இருக்கையின் எடையைப் போல் 20 மடங்கு விசையைத் தாங்கக் கேட்கிறது. அது கம்பியின் வேலை அல்ல.

கம்பியின் கணக்கு இது. 0.38 மி.மீ. கம்பி சுமார் 2 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு இழுக்கும். மின்தடை மீட்டருக்கு 8.3 ஓம், ஒரு நொடியில் சுருங்க 2.25 ஆம்பியர் வேண்டும். 60 செ.மீ. கம்பியை யு வடிவில் தாழின் முனையில் மாட்டி, இரு நுனிகளையும் சட்டத்தில் பொருத்தினால் இழுப்பு 4 கிலோவாகும். ஒவ்வொரு கையும் 30 செ.மீ. என்பதால் 3.3 சதவீதச் சுருக்கத்துக்கே தாழ் 10 மி.மீ. நகரும். மொத்தத் தடை 5 ஓம், தேவை 11 வோல்ட் சொச்சம். 12 வோல்ட் பேட்டரிக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வரும். அப்போது மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து, மூன்றில் இரண்டு பங்கு நேரமே பாயவிட வேண்டும். இல்லையென்றால் கம்பி தேவைக்கு மேல் சூடாகி நினைவை இழக்கும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் நுனியில். நிட்டினால்மேல் ஆக்சைடு படிந்திருப்பதால் சாலிடர் ஒட்டாது. சூடு காட்டினால் அந்த இடத்தில் நினைவும் போகும். கிரிம்ப் செய்துதான், அதாவது சிறு உலோகக் குழலுக்குள் விட்டு நசுக்கித்தான், பிடிக்க வேண்டும். யு வளைவைக் கூர்மையாக மடித்தால் கம்பி அங்கேயே அறும், ஆகவே அகலமான உருளைமேல் ஓட்டுங்கள். கம்பி இருக்கைச் சட்டத்தில் பட்டால் ஷார்ட் ஆகும். உருளை மின்கடத்தாததாக இருக்கட்டும்.

இன்னொன்று, உட்கார்ந்தவர் பின்னால் சாய்ந்து அழுத்திக்கொண்டே பொத்தானை அமுக்குவது. பற்கள் ஒன்றையொன்று கவ்வி நிற்கும், தாழ் அசையாது, சுருங்க முடியாத கம்பி விண்ணென்று இழுபட்டு நிரந்தரமாக நீண்டுவிடும். அடுத்த முறை தாழ் பாதிதான் விலகும். இதற்காகவே கம்பிக்கும் தாழுக்கும் இடையில் இன்னொரு கெட்டியான ஸ்பிரிங்கை வைக்கிறார்கள். தாழ் சிக்கினால் அது நீண்டு கொடுக்கும்.

வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் உட்புறமே நன்றாகச் சூடேறும். ஆகவே 70 டிகிரியில் வேலை செய்யும் வகைக் கம்பி வேண்டாம், 90 டிகிரி வகையை எடுங்கள். பொத்தானை விட்டவுடன் தாழ் விழாது. இந்தத் தடிமனில் கம்பி ஆற 10 நொடி போலப் பிடிக்கும், அதுவரை இருக்கை தளர்வாகத்தான் இருக்கும். வண்டி ஓடும்போது பொத்தான் வேலை செய்யாதபடி இணைப்பைத் துண்டிப்பது இதனால்தான். மின்சாரமே இல்லாத நாளுக்கு, பழைய நெம்புகோலின் கேபிள் ஒன்றும் கம்பியோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.