மாவுக்கட்டுக்குக் கை தட்டும் முன்

ஒரு காவல்துறை அதிகாரியின் பெயர் செய்தியில் அடிபட ஆரம்பித்தால் போதும், சென்னையில் இரண்டு கோஷ்டி சேர்ந்துவிடும். ஒரு கோஷ்டிக்கு அவர் சிங்கம், இன்னொரு கோஷ்டிக்கு ஆளுங்கட்சியின் ஏவலாள். ஆட்சி மாறினால் கோஷ்டிகளும் இடம் மாறிக்கொள்ளும். நான் தம்புச் செட்டித் தெருவில் அறை வைத்துக் குற்றவியல் வழக்குகள் நடத்துபவன். இந்தச் சண்டையில் யாருமே கேட்காமல் விட்டுவிடும் கேள்விதான் எனக்கு முக்கியம்: அந்த அதிகாரி செய்த காரியத்துக்கு எழுத்தில் என்ன இருக்கிறது? எந்தப் பிரிவு, எத்தனை மணிக்குக் கைது, யாருக்குத் தகவல் சொன்னார்கள், எந்த டாக்டர் பார்த்தார்? ஆள் நல்லவரா கெட்டவரா என்று வருஷக்கணக்கில் வாதாடலாம். இவற்றுக்கு மட்டும் பதில் உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான்.

இதை நம் ஊர் அதிகாரியை வைத்துச் சொன்னால் உடனே கட்சி வந்து குறுக்கே நிற்கும். அதனால் தூரத்து உதாரணம் ஒன்றை எடுக்கிறேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரம் அடங்கிய மாரிகோபா கவுண்டியில் 1993 முதல் 2016 வரை ஷெரிஃபாக இருந்தவர் ஜோ அர்பாயோ. அங்கே ஷெரிஃப் என்பது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி. ரோந்து, கைது, சிறை எல்லாம் அவர் கையில். ஆறு முறை ஜெயித்தார். பாலைவன வெயிலில் கூடாரம் அடித்துக் கைதிகளை அதில் வைத்தார், ரோஸ் நிற உள்ளாடை கொடுத்தார், சங்கிலியால் பிணைத்து வேலை வாங்கினார். எல்லாமே கேமரா முன்னால் நடந்தது. அமெரிக்காவின் மிகக் கடுமையான ஷெரிஃப் என்ற பட்டத்தை அவர் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

இதைச் சொன்னால் நம் ஆட்களில் பாதிப் பேர், 'இப்படி ஒருத்தர் இங்கே வந்தால் தேவலை' என்பார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். செயின் பறிப்பில் கழுத்தில் காயத்தோடு நிற்கும் பெண்ணுக்கும், மாமூல் கேட்டு மிரட்டப்படும் கடைக்காரருக்கும் வரும் கோபம் நியாயமானது. அர்பாயோவுக்கு ஓட்டுப் போட்டவர்களிலும், சட்டவிரோதக் குடியேற்றத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று மனம் நொந்தவர்கள் நிறைய உண்டு.

ஆனால் பின்னால் நீதிமன்ற ஆவணங்களில் என்ன பதிவானது என்று பாருங்கள். அவருடைய சிறைகளில் விசாரணைக் கைதிகள் வைக்கப்பட்டிருந்த நிலை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று 2008ல் ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை முகத்தைப் பார்த்தே வண்டியை மறித்துப் பிடிக்கிறார்கள் என்ற வழக்கில், குடியேற்றச் சந்தேகத்தை மட்டும் வைத்து யாரையும் பிடித்து வைக்கக்கூடாது என்று 2011ல் நீதிபதி முர்ரே ஸ்னோ தடை போட்டார். 2013ல் முழுத் தீர்ப்பும் அர்பாயோவுக்கு எதிராகவே வந்தது. இந்த நீதிபதியை நியமித்தவர் ஜார்ஜ் புஷ், அதாவது அர்பாயோவின் சொந்தக் கட்சி ஜனாதிபதி. தடை இருந்தும் பிடிப்பது நிற்கவில்லை. 2017 ஜூலையில் அர்பாயோ குற்றவியல் நீதிமன்ற அவமதிப்பில் குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்டனை அறிவிக்கும் முன்பே, ஆகஸ்டில், டிரம்ப் மன்னிப்பு வழங்கிவிட்டார். அப்புறமும், குற்றவாளி என்ற தீர்ப்பை ஏட்டிலிருந்து நீக்கச் சொல்லிக் கேட்டபோது நீதிபதி சூசன் போல்டன் மறுத்துவிட்டார்.

நஷ்ட ஈடுகளையும் சொல்ல வேண்டும். 1996ல் சிறையில் ஒரு கைதி இறந்த வழக்கை முடிக்க 80 லட்சம் டாலருக்கு மேல் போனது. அர்பாயோவை விமர்சித்து எழுதிய பத்திரிகையின் நிறுவனர்கள் இரண்டு பேரை 2007ல் இரவோடு இரவாக வீட்டிலிருந்து கைது செய்ததற்கு 37.5 லட்சம் டாலர். எந்த அதிகாரியின் சம்பளத்திலிருந்தும் இது பிடிக்கப்படவில்லை, வரி கட்டும் ஜனங்களின் பணம்.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது இன்னொரு விஷயம். அவருடைய துறை குடியேறிகளைத் தேடித் தெருத்தெருவாகச் சோதனை நடத்த ஆரம்பித்த அதே காலகட்டத்தில், 2007 வரையிலான மூன்று வருஷத்தில், அவர்களிடம் வந்த 400க்கும் அதிகமான பாலியல் குற்றப் புகார்கள் சரியாக விசாரிக்கப்படவே இல்லை. பாதிக்கப்பட்டவர்களில் குழந்தைகள் பலர். கேமரா முன்னால் வீரம் காட்ட ஆள் இருந்தது, ஒரு குழந்தையின் புகாரை எடுத்துக்கொண்டு நாலு வீட்டுக் கதவைத் தட்ட ஆள் இல்லை. கறாரான அதிகாரி வந்தால் குற்றம் குறையும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு தகவலை மறக்கக்கூடாது.

நம் பக்கத்திலும் இதே பாடம் உண்டு. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பெண் மருத்துவர் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது ஜனங்கள் போலீஸ்காரர்கள் மேல் பூத்தூவினார்கள், சென்னையிலும் எத்தனையோ பேர் கொண்டாடினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் கமிஷன் 2022ல் கொடுத்த அறிக்கை, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றது. செத்தவர்களில் மூன்று பேர் மைனர்கள் என்றும், 10 போலீஸ்காரர்கள் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் சொன்னது. மேல்நடவடிக்கைக்காக விஷயம் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த டாக்டரைக் கொன்றவர்கள் இவர்கள்தானா என்பதை இனி எந்த நீதிமன்றமும் சாட்சியை விசாரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சேர வேண்டிய தீர்ப்பும் அந்தத் துப்பாக்கிச் சூட்டோடு போய்விட்டது.

என்கவுன்டர் நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014ல் பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் 16 விதிமுறைகள் வகுத்திருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், சம்பந்தமில்லாத வேறு குழு விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீர விருதோ தரக்கூடாது என்பதும் அதில் ஒன்று. மறுநாளே 'விருது கொடுங்கள்' என்று பதிவு போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, என்கவுன்டர் எப்போதோ நடப்பது. மாவுக்கட்டு அடிக்கடி நடப்பது. கைதானவர் கையிலோ காலிலோ கட்டோடு நிற்கும் படம் வரும், 'தப்பி ஓடும்போது விழுந்தார்', 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்று செய்தி வரும், கீழே கைதட்டல் குவியும். போலீஸ் நிலையக் கழிவறையில் கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுகிறார்களா என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025ல் கேட்டது. அந்தப் படத்தில் இருப்பவர் நாளைக்கு உங்கள் வீட்டுப் பையனாகவும் இருக்கலாம். பெயர்க் குழப்பத்தில் தவறான ஆளைத் தூக்கி வருவது எங்கள் தொழிலில் புதிதல்ல.

என் அறைக்கு வரும் அம்மாக்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "விசாரணைக்குன்னு கூட்டிட்டுப் போனாங்க சார். ஸ்டேஷன்ல போய்க் கேட்டா அப்படி யாரும் இங்க இல்லைன்றாங்க." அந்த நேரத்தில் செய்ய வேண்டியது நேரத்தோடு எழுத்தில் ஒரு தடயம் உண்டாக்குவது. 100க்கோ 112க்கோ போன் செய்து, இத்தனை மணிக்கு, இந்த இடத்திலிருந்து, இன்னாரை அழைத்துப் போனார்கள் என்று சொல்லுங்கள். அதையே கமிஷனர் அலுவலகத்துக்கு மெயில் அனுப்புங்கள். தெருவில் கடை வைத்திருப்பவரின் கேமராவில் அது பதிவாகியிருந்தால் அன்றைக்கே வாங்கி வையுங்கள், சில நாளில் அழிந்துவிடும். ஆளே எங்கே என்று தெரியாவிட்டால் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுவுக்கு இந்தப் பதிவுகள்தான் அஸ்திவாரம்.

கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்தாருக்குத் தகவல் தர வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸிலும் இது மாறவில்லை. கைதுக்கான காரணத்தை அந்த ஆளுக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் பெரும்பாலும் முதலில் விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ்தான் தர வேண்டும், எடுத்த எடுப்பில் கைது கூடாது.

அடித்திருக்கிறார்கள் என்றால் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆவணம் ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேடு. நாங்கள் ஏ.ஆர். காப்பி என்போம். டியூட்டி டாக்டர், 'எப்படி அடிபட்டது?' என்று கேட்பார். பக்கத்தில் போலீஸ்காரர் நிற்பார். பயத்தில் பையன் 'வழுக்கி விழுந்தேன்' என்று சொன்னால் அந்த ஒரு வரிதான் கடைசி வரை கூடவே வரும், வருஷக்கணக்கில் கழித்து வழக்கில் நாங்கள் என்ன வாதாடினாலும் அரசுத் தரப்பு அதைத்தான் எடுத்து நீட்டும். 'தெரிந்த நபர்கள் மூன்று பேர், லத்தியால், நேற்று இரவு இந்த இடத்தில் தாக்கியதாகச் சொல்கிறார்' என்று ஏறினால் வழக்கே வேறு. போலீஸ்காரரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் கேட்கலாம், அதில் தப்பில்லை. கைதானவரின் மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெற அவருக்கும் அவர் சொல்லும் ஆளுக்கும் சட்டப்படி உரிமை உண்டு. ரத்தக்கறை பட்ட துணியைத் துவைக்காதீர்கள். நிழலில் காயவைத்துக் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் கட்டினால் ஈரத்தில் கெட்டுப்போகும்.

ரிமாண்டின்போது, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு நிறுத்தும்போது, மாஜிஸ்திரேட், 'போலீஸ் அடித்தார்களா?' என்று கேட்பார். சட்டையைக் கழற்றிக் காட்ட வேண்டிய இடம் அதுதான். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் இலவச சட்ட உதவி வக்கீல் உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

போலீஸ் நிலையத்தின் சி.சி.டி.வி. பதிவையும் உடனே கேளுங்கள். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாத இடத்தில் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருஷம் ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற அப்பாவும் மகனும் காவலில் வதைபட்டு இறந்தபோது, அந்த நிலையத்தின் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். ஆனாலும் உண்மை வெளியே வந்தது. காரணம், அந்த இரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் பார்த்ததைப் பார்த்தபடி சாட்சியாகச் சொன்னார். காவல்துறையில் யாரைக் கொண்டாடலாம் என்று என்னைக் கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

போலீஸ் மேல் புகார் தர மாநில மனித உரிமை ஆணையம் சென்னை கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. தமிழில் கைப்பட எழுதிக் கொடுத்தால் போதும், கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. சம்பவம் நடந்து ஒரு வருஷம் தாண்டினால் ஆணையம் விசாரிக்க முடியாது. பையன் ஜாமீனில் வரட்டும், வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து அந்த ஒரு வருஷத்தைக் கோட்டை விட்ட குடும்பங்கள் நிறைய. உள்ளே இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.