பயிற்சி பெற்ற இதயம் ஏன் மெதுவாகத் துடிக்கிறது?

ஓய்வாக அமர்ந்திருப்பவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 5 லிட்டர் வரும். நெடுந்தூர ஓட்டத்தில் பல ஆண்டுகள் பழகியவருக்கும் ஓய்வு நேரத்தில் ஏறக்குறைய அதே 5 லிட்டர்தான் தேவைப்படுகிறது. ஆனால் அவருடைய இதயம் ஒரு துடிப்பிலேயே 100 மில்லிலிட்டர் அளவுக்குத் தள்ளிவிடுவதால், 50 துடிப்புகளில் வேலையை முடித்துக்கொள்கிறது.

இந்த மாற்றம் முதலில் தலைகாட்டுவது இரத்தத்தில்தான் என்பது பலருக்கும் வியப்பளிக்கக்கூடும். பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் கூடும்போது, இடது கீழறை முன்பைவிட நன்றாக நிரம்பி விரிகிறது. விரிந்த தசை, இழுத்து விட்ட ரப்பரைப் போல, கூடுதல் விசையோடு சுருங்குகிறது. மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் அந்த அறையின் கொள்ளளவே பெரிதாகிறது. (உயர் இரத்த அழுத்தத்தாலும் இதயம் பருக்கும், ஆனால் அங்கே சுவர் தடித்து விறைப்பாகிவிடுவதால், இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது.)

இரத்தக் குழாய்களும் இதில் பங்கேற்கின்றன. விரைந்து பாயும் இரத்தம் குழாயின் உட்சுவரை உரசும்போது, அங்குள்ள செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து, குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகின்றன. இவ்வாயு உடலுக்குள் செய்தி கடத்துகிறது என்று கண்டறிந்த ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகியோருக்கு 1998-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. இந்த உரசல் அடிக்கடி நிகழும் குழாய்கள் எளிதில் விரியும் தன்மையைப் பெறுவதால் இரத்த அழுத்தம் தணிகிறது.

எவ்வளவு பயிற்சி வேண்டும் என்ற கேள்விக்கு, பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக எளிய அளவுகோல் இதுவே.

உழைப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 1966-இல் டல்லஸ் நகரில் நடந்த ஆய்வு காட்டியது. ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடந்தபோது, அவர்களின் உடல் உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு கால் பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முதுமையால் அவர்கள் இழந்தது அந்த மூன்று வாரச் சரிவைவிடக் குறைவாகவே இருந்தது. பின்னர் ஆறு மாதப் பயிற்சியில் அந்த இழப்பையும் மீட்டுக்கொண்டார்கள். இளமையில் இருந்த உச்ச இதயத்துடிப்பு அவர்களுக்குத் திரும்பவில்லை; தசைகள்தாம், தம்மிடம் வந்து சேர்ந்த இரத்தத்திலிருந்து கூடுதல் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டிருந்தன.