200ஆம் எண் பிழை: கோத்தகிரிப் பாம்பு ஏன் நகர மறுத்தது?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை அங்கே ஒரு பள்ளியில் கணக்கும் கணினியும் கற்பித்தவர். 1994இல் மாணவர்களுக்காக டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் ஒரு பாம்பு விளையாட்டு எழுதினார். தந்தை மறைந்த பிறகு, பரணில் இருந்த பிளாப்பி டப்பாவை மகள் இறக்கினார். விண்டோஸ் 11 இருக்கும் மடிக்கணினி அந்த விளையாட்டைத் திறக்கவே மறுத்தது. மூலையில் கிடந்த பெண்டியம் 4 கணினியில் முயன்றபோது திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது: ரன்டைம் எர்ரர் 200. பூஜ்ஜியத்தால் வகுத்த பிழை என்று அதற்குப் பொருள்.

"கணக்கு வாத்தியார் பூஜ்ஜியத்தால் வகுப்பாரா?" என்று கேட்கிறார். உறவினர் ஒருவர், வைரஸ் பிடித்த டப்பாவை வீட்டில் வைக்காதே, எரித்துவிடு என்றாராம்.

எரிக்க வேண்டாம். உங்கள் அப்பா பூஜ்ஜியத்தால் வகுக்கவில்லை.

முதல் மறுப்புக்குக் காரணம் எளியது. அப்பா எழுதியது, விண்டோஸுக்கு முன்பிருந்த டாஸ் இயங்குதளத்துக்கான விளையாட்டு. டாஸ் விளையாட்டுகள் 16 பிட் நிரல்கள். 64 பிட் முறையில் இயங்கும் செயலி (பிராசசர்), அவற்றுக்கென்று முன்பு வைத்திருந்த தனி வழியை மூடிவிடுகிறது. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. இரண்டாவது மறுப்பில்தான் கதை இருக்கிறது.

1981இல் வந்த ஐபிஎம் பிசிக்குள் 14.31818 மெகாஹெர்ட்ஸில் அதிரும் ஒரு படிகம் இருந்தது. இந்த விசித்திரமான எண் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியிலிருந்து வந்தது. அங்கே வண்ணத்தைச் சுமக்கும் அலைவரிசையின் நான்கு மடங்கு அது. அதை மூன்றால் வகுத்துச் செயலிக்குக் கொடுத்தார்கள்: 4.77 மெகாஹெர்ட்ஸ். பன்னிரண்டால் வகுத்துக் கடிகாரச் சில்லுக்குக் கொடுத்தார்கள். அந்தச் சில்லு 65,536 வரை எண்ணி முடித்ததும் ஒரு முறை தட்டும். விநாடிக்கு ஏறத்தாழ 18.2 தட்டுகள், ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 55 மில்லி விநாடி. எங்கோ வண்ணப் படம் காட்டுவதற்காகப் பிறந்த எண், கோத்தகிரியில் ஒரு பாம்பின் நாடித்துடிப்பாக இருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆனால் 55 மில்லி விநாடி என்பது விளையாட்டுக்குப் பெரிய இடைவெளி. அதைவிட நுணுக்கமாகக் காத்திருக்க வேண்டுமானால் என்ன செய்வது? முட்டை வேக வைக்கும்போது, ஐந்நூறு வரை எண்ணிவிட்டு இறக்கு என்று பாட்டி சொல்வார். நிதானமாக எண்ணும் பேரனுக்கு முட்டை பக்குவமாக வெந்திருக்கும். நாக்கு வேகமுள்ள பேத்திக்கு உள்ளே கொழகொழவென்று இருக்கும். பல பழைய விளையாட்டுகள் இப்படித்தான், வெறுமனே ஆயிரக்கணக்கில் எண்ணிக் காத்திருந்தன. புதிய கணினியில் அவை கண்மண் தெரியாமல் ஓடியதற்கு இதுவே காரணம். அக்காலக் கணினிப் பெட்டிகளின் முகப்பில் இருந்த டர்போ பொத்தான், உண்மையில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத்தான் பயன்பட்டது.

டர்போ பாஸ்கல் இதைவிடப் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. முட்டையை அடுப்பில் வைக்குமுன் பேத்தியை அழைத்து, இந்த மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே எவ்வளவு எண்ணுகிறாய், சொல் என்று கேட்டுக்கொண்டது. நிரல் தொடங்கியதும் ஒரு கடிகாரத் தட்டுக்குக் காத்திருக்கும். அடுத்த தட்டு வரும்வரை எண்ணும். வந்த தொகையை 55ஆல் வகுக்கும். கிடைப்பது ஒரு மில்லி விநாடிக்கு இந்தக் கணினி எவ்வளவு எண்ணும் என்ற அளவு. பிறகு, டிலே என்ற கட்டளையில் 150 மில்லி விநாடி நில் என்று எழுதினால், பழைய 286 செயலி ஆனாலும் பின்னால் வந்த 486 ஆனாலும் அதே நேரம் நிற்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

அந்த ஒரே வகுத்தலில்தான் விபத்து ஒளிந்திருந்தது. ஈவை வைக்கும் இடம் 16 பிட் பெட்டி. 65,535க்கு மேல் கொள்ளாது. அதாவது 55 மில்லி விநாடிக்குள் 36 லட்சத்துக்குச் சற்று மேல் எண்ணிவிட்டால் விடை பெட்டிக்கு வெளியே வழிந்துவிடும். இன்டெல் செயலிக்கு, பூஜ்ஜியத்தால் வகுத்தாலும் விடை வழிந்தாலும் எழுப்பத் தெரிந்த கூக்குரல் ஒன்றுதான். அதைக் கேட்ட பாஸ்கல், தனக்குத் தெரிந்த ஒரே பொருளைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பெண்டியம்கள் வந்தபோது உலகெங்கும் இந்தப் பிழை முளைத்தது. பிழை எண்ணும் 200 என்பது தற்செயல்.

1998இல் குன்னூரில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் இதே வரியை முதன்முதலில் பார்த்தேன். புதுக் கணினி வாங்கிய அன்றே பல நிரல்கள் நின்றுபோயின. கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்கள். ஆய்வகத்துக்குள் செருப்புப் போட்டால் வைரஸ் வரும் என்று மாணவர்களுக்குச் சொல்லப்பட்ட காலம் அது. ஏன் நின்றது என்று கேட்கக் கற்பிக்க வேண்டிய இடத்தில் அச்சத்தைக் கற்பித்தோம் என்ற கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. கேட்டிருந்தால், ஒரு வகுத்தல் கணக்கில் விடை கிடைத்திருக்கும்.

தீர்வு டாஸ்பாக்ஸ். 2002 முதல் கிடைக்கும் இலவச மென்பொருள் இது. செயலி, கடிகாரச் சில்லு, ஒலி அட்டை, திரை என்று ஒரு பழைய கணினியையே மென்பொருளால் கட்டித் தருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அது காத்திருக்கும் விதம். வழக்கமான அமைப்பில் அது ஒரு மில்லி விநாடிக்கு 3,000 கட்டளைகளை மட்டும் நிறைவேற்றும். இன்றைய செயலிக்கு அது இமைப்பொழுதுகூட ஆகாத வேலை. முடித்துவிட்டு, அந்த மில்லி விநாடி தீரும்வரை சும்மா இருக்கும். பிறகு அடுத்த 3,000. இந்தக் கணக்கில் 55 மில்லி விநாடிக்கு 1,65,000 கட்டளைகள்தான். 36 லட்சம் எங்கே, இது எங்கே! பெட்டி வழியவே வழியாது.

செய்முறை சுருக்கமானது. கோப்பை ஒரு கோப்புறையில் வைத்து, டாஸ்பாக்ஸில் மவுண்ட் கட்டளையால் அதை சி டிரைவாகக் காட்டி, நிரலின் பெயரைத் தட்டினால் போதும். வெறும் எண்ணிக்கையை நம்பிய விளையாட்டுகளுக்கு மட்டும், கண்ட்ரோல் விசையுடன் எஃப்11 அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம், எஃப்12 அழுத்திக் கூட்டலாம்.

2015 ஜனவரியில் இன்டர்நெட் ஆர்க்கைவ் ஏறத்தாழ 2,400 டாஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே ஆடும்படி வைத்தது. நம் பக்கம் என்ன செய்தோம்? கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் எடுத்துச் சேர்த்த சூரியப் படத் தகடுகளைக் கணினிப் படங்களாக மாற்றியிருக்கிறார்கள். நூறாண்டுச் சூரியன் இன்று ஆய்வாளர்களின் கையில் இருக்கிறது. டாஸ் காலத்துத் தமிழ் மென்பொருள்களுக்கும், ஆசிரியர்கள் எழுதிய சிறு நிரல்களுக்கும் அதே அக்கறையோடு பணம் ஒதுக்க வேண்டும். புதுக் கணினி வாங்க ஒதுக்கும் தொகையில் ஒரு துளி இருந்தால் போதும்.

வாசகி மூல நிரலின் படத்தையும் அனுப்பியிருந்தார். பாம்பு நகரும் வரியில் டிலே 150 என்று இருக்கிறது. வெறும் எண்ணிக்கையை அப்பா நம்பவில்லை. வேறு வேகமுள்ள கணினி வரும் என்று நினைத்தே எழுதியிருக்கிறார். வழிந்தது பாஸ்கலின் பெட்டி. டாஸ்பாக்ஸில் அந்தப் பாம்பு, 1994இல் நின்ற அதே 150 மில்லி விநாடி நின்று நின்று நகரும்.

ஒன்று மட்டும் அவசரம். மலை ஈரத்தில் பிளாப்பித் தகட்டில் பூஞ்சை படரும். பூஞ்சை பிடித்த தகடு டிரைவின் முனையையும் அழுக்காக்கி அடுத்த தகட்டைக் கெடுக்கும். உலோக மூடியை ஒதுக்கி, தகட்டை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளி இல்லாதவற்றை முதலில் நகலெடுங்கள். ஜூன் மழைக்கு முன் முடித்துவிடுங்கள்.