காதில் பொருந்தாத இயர்ஃபோன் சத்தத்தை அடக்காது

மின்சாரம் நின்ற மறுநிமிடமே யாங்கோன் தெருக்களில் கடைக்குக் கடை ஜெனரேட்டர் உறுமத் தொடங்கிவிடும். அந்த இரைச்சலுக்கு நடுவே பாட்டோ பாடமோ கேட்க, பெரும்பாலானோர் வால்யூமை ஏற்றுகிறார்கள். காதுக்குக் கேடு அங்கேதான் ஆரம்பம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்குமேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 90 டெசிபல் வந்தால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான். யாங்கோனைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் தினமும் ஒரு மணி நேரம் அந்த அளவில் கேட்பவருக்கு வியாழக்கிழமையே வாரக் கணக்கு தீர்ந்துவிடும். பிள்ளைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு: 75 டெசிபல், 40 மணி நேரம்.

ஆகவே வெளிச்சத்தத்தைத் தடுக்கும் இயர்ஃபோன் வாங்குவது வால்யூமைக் குறைத்துக் கேட்பதற்காக. இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

சத்தத்தைத் தடுக்க இரண்டு வழி உண்டு. காதுத் துவாரத்தை ரப்பர் முனையால் அடைப்பது ஒன்று. மைக் வெளிச்சத்தத்தை வாங்கி, அதற்கு எதிரான அலையை உள்ளே எழுப்பி அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் மற்றொன்று. ஜெனரேட்டர், மின்விசிறி, பஸ் எஞ்சின் போல ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சலை இரண்டாவது நன்றாக அடக்கும். சுமார் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே அதன் பலம் குறைந்துவிடும். ஹார்னையும் பக்கத்து வீட்டு டிவியையும் தடுக்க ரப்பர் முனைதான் வேண்டும். பெட்டியில் "45 டெசிபல்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஏதோ ஓர் அலைவரிசையில் கிடைத்த உச்ச அளவு. எல்லாச் சத்தமும் அவ்வளவு குறையும் என்று எண்ண வேண்டாம்.

முனை சரியாக அடையாவிட்டால் இரண்டு வழியுமே வீண். இடைவெளி வழியாகப் பாட்டின் கீழ்ஸ்தாயி முதலில் கசிந்துபோகும், பாட்டு சப்பென்று இருக்கும், கை தானாக வால்யூமுக்குப் போகும். விலையுயர்ந்த இயர்ஃபோனைக் குறை சொல்பவர்களில் பலருக்குத் தேவை ஓர் அளவு பெரிய முனை மட்டுமே. ஒருவரின் இரண்டு காதுகளும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. இடதுக்கு நடுத்தரமும் வலதுக்குச் சின்னதும் போடலாம், தவறில்லை.

போடும் முறையும் முக்கியம். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் துவாரம் நேராகும். அப்போது மெல்லத் திருகி நுழையுங்கள். ஸ்பாஞ்ச் முனை என்றால் விரலால் உருட்டி ஒடுக்கி, உள்ளே வைத்தபின் 20 முதல் 30 நொடி பிடித்திருக்க வேண்டும். வாயை மூடி "ம்ம்" என்று முனகிப் பாருங்கள்; இரண்டு காதிலும் உங்கள் குரல் ஒரேபோல் குடத்துக்குள் பேசுவதாகக் கேட்டால் அடைப்பு சரி. பிறகு மெல்லுவது போலத் தாடையை அசையுங்கள். நழுவினால் அளவை மாற்றுங்கள். 20 நிமிடத்தில் காதின் மடிப்பில் வலித்தால் அந்த இயர்ஃபோனின் வடிவமே உங்களுக்கு ஆகாது. பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

சந்தைகளில் போலிகள் ஏராளம். கடையிலேயே ஒரு மின்விசிறி அருகே நின்று, பாட்டுப் போடாமல், நாய்ஸ் கேன்சலிங்கை அணைத்து அணைத்துப் போடுங்கள். உண்மையானதில் விசிறியின் ரீங்காரம் சட்டென்று தாழும். சிலருக்கு அதில் காது அடைத்தது போன்ற அழுத்தம் தோன்றும். அவர்களுக்கும், மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத வீடுகளுக்கும், நல்ல ரப்பர் முனை உள்ள வயர் இயர்ஃபோனே எங்கள் தேர்வு. அதற்குச் சார்ஜ் வேண்டாம், விலையும் குறைவு.

தண்ணீர் தாங்கும் தரத்தைக் காட்டும் குறியீடு ஐபிஎக்ஸ்4 என்றால் வியர்வையும் தூறலும் தாங்கும். திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவில் குழாயால் பீய்ச்சுவதைத் தாங்காது. மழைக்காலத்தில் ஈரத்தோடு பெட்டியில் மூடி வைப்பதே பல இயர்ஃபோன்கள் கெட்டுப்போகக் காரணம். காதுக்கும் அதே ஆபத்துதான்: அடைபட்ட ஈரத்தில் பூஞ்சை வளரும், அரிப்பு வரும். குளித்தபின் காது உலரும்வரை போடாதீர்கள். முனையைக் கழற்றி வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். ஸ்பாஞ்சை ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள், மூன்று மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள். இயர்ஃபோனின் கம்பிவலையைக் கீழ்நோக்கிப் பிடித்து உலர்ந்த மென்பிரஷால் தட்டினால் குறும்பி உதிரும். மேல்நோக்கிப் பிடித்தால் உள்ளே போய்விடும். குச்சிப் பஞ்சால் காதைக் குடைவதும் குறும்பியை உள்ளே தள்ளுவதுதான்.

தெருவைக் கடக்கும்போது இரண்டையும் கழற்றிவிடுங்கள். ஜெனரேட்டர் ஓடும் வீட்டில் போட்டுக்கொண்டே தூங்கவும் வேண்டாம்; ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவை எச்சரிக்கும் அலாரமோ கூப்பிடும் குரலோ கேட்காமல் போகலாம்.

ஒரு பக்கம் சத்தம் குறைந்தால், அந்தக் காதில் ஃபோனை நேராக வைத்துப் பேசிப் பாருங்கள். தெளிவாகக் கேட்டால் குறை இயர்ஃபோனில்தான், பெரும்பாலும் வலையில் அடைப்பு. அப்போதும் மங்கலாக இருந்தால் குறை காதில். காய்ச்சிய எண்ணெய் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுச்செவிக்குள் இறங்கிவிடும். வலியே இல்லாமல் ஒரு காது திடீரென்று மங்கினால் குறும்பி என்று நினைத்து நாளைக் கடத்தாமல், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். உள்காது நரம்பு பாதிப்பாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள்தான் நன்றாகப் பலன் தரும்.