ஹூஸ்டனில் தொழில் தொடங்குமுன் முகவரியைப் படியுங்கள்

"சார், டெக்சாஸில் வருமான வரியே கிடையாதாமே?"

கலிஃபோர்னியாவிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன. ஹூஸ்டனில் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதி, வரி தாக்கல் செய்து இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. கேள்வியும் மாறவில்லை, என் பதிலும் மாறவில்லை. மாநில வருமான வரி இல்லை என்பது உண்மை. 2019இல் வாக்காளர்கள் மாநில அரசியல் சட்டத்திலேயே அதற்குத் தடை போட்டுவிட்டார்கள். கூட்டாட்சி அரசின் வருமான வரி மட்டும் எங்கே போனாலும் கூடவே வரும். அதையும் சேர்த்து மறந்துவிட்டு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வரிக்காக மட்டும் இந்த ஊருக்கு வராதீர்கள். வருவதற்கு இதைவிட நல்ல காரணங்கள் இருக்கின்றன. வந்த பிறகு கையைச் சுடும் இடங்களும் இருக்கின்றன. இரண்டுமே நீங்கள் கடை போடும் தெருவைப் பொறுத்தவை.

இந்த ஊர் பிறந்ததே ஒரு மனை விளம்பரத்தில்தான். 1836இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆலன் சகோதரர்கள் பஃபலோ பையூ என்ற சேற்று ஓடையின் கரையில் நிலம் வாங்கினார்கள். கடற்காற்று வீசும் ஆரோக்கியமான இடம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து மனை விற்றார்கள். கடல் இங்கிருந்து ஐம்பது மைல். ஆகஸ்டு மாத மதியத்தில் காரை நிறுத்திவிட்டு அலுவலகம் வரை நடந்து பார்த்தவருக்கு அந்தக் கடற்காற்றின் அருமை தெரியும்.

அந்தப் பொய்யைப் பின்னால் வந்தவர்கள் பாடுபட்டு மெய்யாக்கினார்கள். 1900இல் பெரும்புயல் கால்வெஸ்டன் துறைமுக நகரத்தைச் சிதைத்தது, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மறு ஜனவரியில் போமான்ட் அருகே ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டது. கரையோரத் துறைமுகம் ஆபத்தானது, எண்ணெயோ கப்பலேற வேண்டும். உள்நாட்டிலிருந்த ஹூஸ்டன், ஓடையை ஆழப்படுத்திக் கப்பல் கால்வாயாக்க முனைந்தது. செலவில் பாதியை நாங்களே தருகிறோம் என்று உள்ளூர்க்காரர்கள் கூட்டாட்சி அரசிடம் போய் நின்றது அந்நாளில் புதுமை. 1914இல் கால்வாய் திறக்கப்பட்டது. இன்று அது ஏறக்குறைய 52 மைல் நீளம். வெளிநாட்டுச் சரக்கின் எடையைக் கணக்கிட்டால் அமெரிக்காவில் முதலிடத்தில் இருக்கும் துறைமுகம் இது. கரையெங்கும் சுத்திகரிப்பு ஆலைகளும் பெட்ரோகெமிக்கல் தொழிற்சாலைகளும் நிற்கின்றன.

இங்கே வாடிக்கையாளர் யார் என்று கேட்டால் முதல் விடை இந்த எண்ணெய்த் தொழில்தான். எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் 2023இல் தலைமையகத்தை டாலஸ் பக்கத்திலிருந்து இங்கே வடக்குப் புறநகரான ஸ்பிரிங்குக்கு மாற்றியது. கலிஃபோர்னியாவிலேயே பிறந்து வளர்ந்த செவ்ரான்கூட இங்கே வருவதாக 2024இல் அறிவித்தது. இவர்களுக்கு நேரடியாக எதையும் விற்கும் அளவில் நம்மவர் தொழில்கள் பெரும்பாலும் இல்லை. இவர்களுக்கு விற்பவர்களுக்கு விற்கலாம். எஃகுக் குழாய்களைச் சோதித்துச் சான்று தரும் சிறு நிறுவனம் ஒன்றுக்கு நான் பல ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறேன். நான்கு பேர்தான் வேலை செய்கிறார்கள். துறைமுகத்துக்கு அருகே ஒரு தகரக் கொட்டகை. வெளியே பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லை. என் வாடிக்கையாளர்களில் நிம்மதியாகத் தூங்குபவர் அதன் உரிமையாளர்தான்.

எண்ணெய்க்கு மறுபக்கமும் உண்டு. 1980களில் விலை சரிந்தபோது இந்த ஊர் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகளை இழந்தது. டெக்சாஸின் பத்துப் பெரிய வங்கிக் குழுமங்களில் ஒன்பது, திவாலாயின அல்லது வேறு கைக்கு மாறின. பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை (பின்னால் எடுக்கும் சரக்குக்கு முன்கூட்டியே பேசும் விலை) பூஜ்யத்துக்கும் கீழே போய், எண்ணெயை எடுத்துக்கொள்பவருக்கே பணம் கொடுக்க வேண்டிய கூத்து நடந்தது. எனர்ஜி காரிடார் என்ற மேற்குப் பகுதியில் உணவகம் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். விலை இறங்கிய சில மாதங்களில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் பாதியாகும். உங்கள் கடைக்கு எண்ணெயோடு தொடர்பே இல்லாமல் இருக்கலாம்; உங்களிடம் சாப்பிடுபவரின் சம்பளத்துக்கு உண்டு.

அதனால்தான் எனக்கு மருத்துவமனைப் பக்கம் கொஞ்சம் கூடுதல் பிடித்தம். டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் உலகின் மிகப் பெரிய மருத்துவ வளாகம். லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை பார்க்கிறார்கள். அங்குள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பெயர் கொடுத்தவர் மருத்துவர் அல்லர், பருத்தி வியாபாரி. அவர் விட்டுச் சென்ற அறக்கட்டளைப் பணம்தான் அந்த வளாகத்துக்கே வித்து. நோயாளியோடு வந்து வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்களுக்கு அறை வேண்டும், சாப்பாடு வேண்டும், மொழி தெரிந்த துணை வேண்டும். எண்ணெய் விலை என்னவானாலும் இந்தத் தேவை குறைவதில்லை.

இனி வரிக்கு வருகிறேன். மாநிலமும் உள்ளூர் அமைப்புகளும் ஒரு பையில் எடுக்காததை இன்னொரு பையில் எடுத்துக்கொள்கின்றன. சொத்து வரி பல இடங்களில் சந்தை மதிப்பில் 2 விழுக்காட்டை ஒட்டி வரும். நான் வாடகைக்குத்தானே இருக்கப் போகிறேன் என்பீர்கள். அங்கேதான் பிடி இருக்கிறது.

தோசைக் கடை போட வந்த ஒரு தம்பதி, "சதுர அடிக்கு 24 டாலர்" என்ற விளம்பரத்தைப் பார்த்து மிரண்டுபோய் என்னை அழைத்தார்கள். சென்னைக் கணக்கில் மாத வாடகை என்று நினைத்து 2,000 சதுர அடிக்குப் பெருக்கியிருக்கிறார்கள். "தம்பி, இங்கே அது வருடத்துக்கு" என்றேன். மாதம் 4,000 டாலர் என்று தெரிந்ததும் மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்த மகிழ்ச்சியிலேயே எனக்குக் காட்டாமல் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். அது ட்ரிப்பிள் நெட் ஒப்பந்தம். கட்டடத்தின் சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றிலும் கடைக்காரர் தம் பங்கைக் கட்ட வேண்டும். தோராயமான தொகையை மாதாமாதம் வாங்கிக்கொண்டு, ஆண்டு முடிந்ததும் கட்டட உரிமையாளர் உண்மைக் கணக்கை அனுப்புவார். இவர்களுக்கு வந்த கணக்கு, அடிப்படை வாடகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மேலும் கேட்டது. ஏமாற்று எதுவுமில்லை, பதினேழாம் பக்கத்தில் எல்லாம் எழுதியிருந்தது. கையெழுத்துக்கு முன் கடந்த மூன்று ஆண்டுகளின் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரின் கட்டடம் உங்களுக்கு வேண்டாம்.

விற்பனை வரி ஹூஸ்டன் நகருக்குள் 8.25 விழுக்காடு. மளிகை, உணவகக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். தெரியாமல் மாட்டுபவர்கள் மென்பொருள்காரர்கள். டெக்சாஸில் தரவுச் செயலாக்கம், அதாவது வாடிக்கையாளரின் தரவைக் கணினியில் சேமித்துக் கையாள்வது, என்ற வகையில் வரும் சேவைக்கும் விற்பனை வரி உண்டு. பில் தொகையில் 80 விழுக்காட்டின் மீது அது கணக்கிடப்படும். அதாவது நடைமுறையில் 6.6 விழுக்காடு. வாடிக்கையாளரிடம் வாங்காமல் விட்டால், தணிக்கை வரும்போது உங்கள் பையிலிருந்துதான் போகும். விற்பனை வரி அனுமதிச்சீட்டே எடுக்காமல் தொழில் நடத்தியிருந்தால், எத்தனை ஆண்டுகள் பின்னால் போய்க் கேட்கலாம் என்பதற்கு வரம்பே இல்லை. உங்கள் வேலை அந்த வகையில் வருமா என்பதை முதல் பில் எழுதுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனங்களுக்கு ஃபிரான்சைஸ் வரி என்று ஒன்றும் உண்டு. கடைக்கிளை உரிமம் என்று பெயரில் ஏமாந்துவிட வேண்டாம்; மாநிலத்தில் தொழில் செய்வதற்கான வரி அது. 2024, 2025 அறிக்கைகளுக்கு 24.7 லட்சம் டாலர் வரை வருவாய் இருந்தவர்கள் எதுவும் கட்ட வேண்டியிருக்கவில்லை. தொகை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாறும். வரி இல்லாவிட்டாலும் நிறுவனத் தகவல் அறிக்கையை மே 15க்குள் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுக்காமல் விட்டு, தொழில் நடத்தும் உரிமையையே இழந்த பிறகு என்னிடம் ஓடிவருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

ஹூஸ்டனின் இன்னொரு பெருமை, எங்கே வீடு, எங்கே கடை என்று பிரிக்கும் நிலப் பயன்பாட்டு மண்டலச் சட்டம் நகரத்தில் இல்லை என்பது. அமெரிக்கப் பெருநகரங்களில் இது தனித்துவம். 1948, 1962, 1993 என்று மூன்று முறை வாக்கெடுப்பு வைத்தும் மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு அடுத்து டயர் கடை, அதற்கடுத்து தேவாலயம் என்று தெருக்கள் அவியல்போல இருக்கும். அழகில்லைதான். ஆனால் வீடும் கடையும் கட்டுவது எளிது. நிலம் மற்றப் பெருநகரங்களை விட மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை நம்பித்தான் ஓர் ஆசிரியை மூலை வீடு ஒன்றை வாங்கினார், பிள்ளைகளுக்குக் கணிதப் பயிற்சி மையம் நடத்த. நகரம் தடுக்கவில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் அந்தக் குடியிருப்பை மனையாகப் பிரித்தவர் பத்திரத்தில் எழுதிவைத்த நிபந்தனை தடுத்தது: குடியிருக்க மட்டும். மண்டலச் சட்டம் இல்லாத ஊரில் இந்தத் தனியார் நிபந்தனைகள்தான் சட்டம். இன்னொரு வேடிக்கை, அவற்றை நிறைவேற்ற நகராட்சியே வழக்குப் போடலாம். வீட்டு விலையைப் பேசுவதற்கு முன் பத்திர நிபந்தனைகளின் நகலைக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) எழுத்தர் அலுவலகத்தில் எடுத்துப் படித்திருந்தால் சிறு கட்டணத்தோடு போயிருக்கும். அவர் இப்போது அங்கே குடியிருக்கிறார். பயிற்சி மையம் வேறு இடத்தில் வாடகைக்கு நடக்கிறது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் ஹூஸ்டனைப் பற்றிப் பேச முடியாது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது ஊரின் பல பகுதிகளில் சில நாட்களில் ஓராண்டு மழையின் பெரும்பகுதி கொட்டியது. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் வெள்ளம் புகுந்தது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, அரசு வரைபடத்தில் நூறாண்டு வெள்ளப் பகுதி (எந்த ஆண்டிலும் வெள்ளம் வர நூறில் ஒரு வாய்ப்புள்ள இடம்) என்று குறித்த கோட்டுக்கு வெளியே இருந்தவை. "நாங்கள் வெள்ளப் பகுதியில் இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த எண்ணிக்கைதான் நினைவுக்கு வருகிறது.

அந்த வாரத்துக்குப் பிறகு துணிக்கடை நடத்தும் ஒருவரோடு உட்கார்ந்து காப்பீட்டுத் தாள்களைப் புரட்டினேன். சரக்கெல்லாம் முழங்கால் ஆழத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. வழக்கமான வணிகக் காப்பீடு வெள்ளத்தை விலக்கியே எழுதப்படுகிறது, அவருடையதும் அப்படித்தான். கட்டட உரிமையாளரிடம் வெள்ளக் காப்பீடு இருந்தது, ஆனால் அது கட்டடத்துக்கு. பட்டுப் புடவைகளுக்கு யாரும் எதுவும் எடுத்திருக்கவில்லை. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் கடைக்காரர் தம் சரக்குக்குத் தனியே, 5 லட்சம் டாலர் வரை, எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய முப்பது நாட்களுக்குப் பிறகே பொதுவாக அது செல்லுபடியாகும். புயல் செய்தி பார்த்துவிட்டு வாங்கப் போவது வீண். கடை மூடிக் கிடந்த நாட்களின் வருமான இழப்பை அந்தத் திட்டம் தராது. அதற்கென்று மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே வைத்திருங்கள் என்பேன். கேட்பவர்கள் குறைவு.

மின்சாரமும் அப்படியே. இங்கே விற்பனையாளரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். போட்டியில் விலை நன்றாகவே குறையும். ஆனால் மொத்தச் சந்தை விலையோடு ஏறி இறங்கும் திட்டத்தில் இருந்தவர்கள் 2021 பிப்ரவரிப் பனிக்காலத்தில் பில் எகிறிப் பட்ட பாடு நாடறிந்தது. நிலையான விலையில் ஒப்பந்தம் போடுங்கள். குளிர்பதனப் பெட்டிகளை நம்பிய தொழிலென்றால் ஜெனரேட்டர் விலையையும் முதலீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் பெரில் புயலுக்குப் பிறகு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. பல இடங்களில் நாள்கணக்கில்.

நம்மவர்களுக்கென்றே இரண்டு செய்திகள். இந்தியக் குடிமக்களுக்கு இ-2 முதலீட்டாளர் விசா கிடையாது. இந்தியாவோடு அதற்கான உடன்படிக்கை இல்லை. இலங்கைக் குடிமக்களுக்கு உண்டு. கடை வாங்கி விசாவும் எடுத்துத் தருவதாகச் சொல்லும் தரகர், இரண்டு பேருக்கும் ஒரே பேச்சைப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். மற்றொன்று, எஸ் கார்ப்பரேஷன் (லாபத்துக்கான வரியை நிறுவனத்துக்குப் பதில் பங்குதாரர்களே கட்டுவது) என்ற வகையில் நிறுவனத்தைப் பதிந்துவிட்டு, முதல் போட்ட பாசத்துக்காக மதுரையில் இருக்கும் அண்ணனையும் பங்குதாரராக எழுதுவது. அமெரிக்க வரிச் சட்டப்படி இங்கே குடியிருப்பவராகக் கருதப்படாத வெளிநாட்டவர் ஒருவர் பங்கு வைத்திருந்தாலே அந்தத் தகுதி போய்விடும். அண்ணனிடம் கடனாக வாங்குங்கள், பத்திரம் எழுதி.

போன மாதம் ஒருவர் ஹில்கிராஃப்ட் பக்கத்தில் மளிகைக் கடைக்கு இடம் பார்த்துவிட்டு, அன்றே முன்பணம் கட்டலாமா என்று கேட்டார். அடுத்த பெருமழை வரை பொறுங்கள், மழை விட்ட ஒரு மணி நேரத்தில் போய்ப் பாருங்கள் என்றேன். சலித்துக்கொண்டார். மூன்றாம் வாரம் கட்டடத்தின் பின்புறத்திலிருந்து ஒரு படம் அனுப்பினார். சரக்கு இறக்கும் கதவின் அடியில் இரண்டு செங்கல் உயரத்துக்குப் பழைய பழுப்புக் கோடு ஒன்று சுவரோடு ஓடியது. அதற்குக் கீழே புதுத் தண்ணீர் தேங்கி நின்றது. "அண்ணா, இதற்கு வாடகையில் எவ்வளவு குறைக்கச் சொல்லலாம்?" என்று கீழே எழுதியிருந்தார்.